பிழையற்ற கைகள்

அந்தச் சபையில் மூலமொழி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் இறந்த பிறகுதான் மற்ற எல்லோருக்கும் மூலமொழியின் மேல் பற்று பொங்கிக்கொண்டு வந்தது.

அவரைப் பண்டிதர் என்பார்கள். திருநூலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் மூலமொழியில் என்ன சொல் இருந்தது, அதன் பொருள் என்ன என்று முப்பது வருடம் உட்கார்ந்து அட்டை அட்டையாக எழுதினார். மொத்தம் எட்டாயிரத்து நானூறு அட்டைகள். உயிரோடு இருந்தவரை அவரிடம் யாரும் ஒரு சொல்லுக்கும் பொருள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "தெரியல, யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் சொல்லியிருப்பார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒரு சபை எப்படி முன்னேறும்?

அவர் போன மறுமாதமே தலைவர் ஒரு மென்பொருளுக்கு ஏற்பாடு செய்தார். அதன் பெயர் 'மூலவேர்'. திருநூலின் வாசகம் திரையில் வரும். எந்தச் சொல்லைச் சொடுக்கினாலும் ஒரு மஞ்சள் பெட்டி திறந்து, மூலத்தின் பொருளைச் சொல்லும். யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை.

அட்டைகளைக் கணினியில் ஏற்ற ஒரு டைப்பிஸ்ட்டை வைத்தார்கள். நாற்பதைத் தாண்டியவள், வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினைந்து வருடம் தட்டச்சு செய்து விரல்நுனி தேய்ந்தவள். மூலமொழி அவளுக்குத் தெரியாது. பண்டிதர் தமிழில் எழுதிய பொருளைப் பார்த்து அப்படியே அடித்துக்கொண்டு போனாள்.

ஏழாவது மாதம் அவளுடைய விசைப்பலகையில் ஷிப்ட் கட்டை மக்கர் செய்தது. அவள் அடிக்கும் முறையில் ல-வுக்கும் ள-வுக்கும் ஒரே கட்டை. ஷிப்டோடு அழுத்தினால் ள, இல்லாவிட்டால் ல. ர-வும் ற-வும் அப்படித்தான். அந்த ஷிப்ட் சில நேரம் அழுத்தினாலும் வேலை செய்யாது, சில நேரம் விரலை எடுத்தாலும் விடாது. புதிய விசைப்பலகை கேட்டு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தாள். விண்ணப்பத்தில் எழுத்துப்பிழைகள் மலிந்திருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கையால் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை என்று பதில் வந்தது. புதிய விசைப்பலகை வந்து சேர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்து அட்டைகளைத் திருப்பிப் பார்க்க நேரம் கேட்டாள். வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று என்றார்கள்.

விழா மேடையில் தலைவர் முழங்கினார்.

"எட்டாயிரத்து நானூறு அட்டைகள்! அவற்றில் ஒரு பிழையாவது உண்டா? இல்லை! எப்படித் தெரியும்? இதுவரை யாரும் பார்க்கவில்லை! எனவே இன்றுமுதல் இது சபையின் முதல் விதி: மூலவேரில் பிழை இல்லை."

டைப்பிஸ்ட்டை மேடைக்கு அழைத்து, 'பிழையற்ற கைகள்' என்று தங்க எழுத்தில் பொறித்த சான்றிதழைக் கொடுத்தார். வேலையையும் நிரந்தரமாக்கினார். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். ஷிப்ட் கட்டையைப் பற்றிச் சொல்ல அது நல்ல தருணமாக அவளுக்குத் தோன்றவில்லை.

வாரம் ஒருமுறை 'சொல் அமர்வு' நடந்தது. மேடையில் தலைவர். பக்கத்தில் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். அவனுக்குச் சொடுக்கர் என்றே பெயர் விழுந்துவிட்டது. பின்னால் பத்தடித் திரை. உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு சொல்லைக் கேட்பார். சொடுக்கர் சொடுக்குவான். மஞ்சள் பெட்டியில் என்ன வந்தாலும் தலைவர் அதை வைத்து ஒரு மணி நேரம் பேசுவார். முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்பது அவருடைய பெருமை.

முதலில் வந்தது அரம். 'நல்லவன் கையில் நெறி இருக்கும்' என்று திருநூலின் தமிழ் அச்சுப்பிரதியில் ஒரு வரி. 'நெறி'யைச் சொடுக்கினால் 'அரம்' என்று வந்தது. பண்டிதர் அறம் என்று எழுதியிருப்பார் என்பது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட்டுக்குச் சட்டென்று புரிந்தது. தலைவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"நெறி என்று மொழிபெயர்த்து நம்மை இத்தனை காலம் ஏமாற்றியிருக்கிறார்கள்! மூலத்தில் இருப்பது அரம். இரும்பைத் தேய்க்கும் அரம்! நல்லவன் தன்னைத் தானே ராவிக்கொள்கிறான்."

அடுத்த வாரம் ஆண்கள் எல்லோரும் சட்டைப்பையில் ஆளுக்கொரு அரத்தோடு வந்தார்கள். டைப்பிஸ்ட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டுவிட்டாள்.

பிறகு 'கற்கும் இடத்தைக் கலைக்காதே' என்ற வரி வந்தது. பள்ளி என்று இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி 'பல்லி' என்றது. மண்டபத்தில் பல்லிகளை விரட்டக்கூடாது என்று அறிவிப்புப் பலகை மாட்டினார்கள். ஒருநாள் தலைவரின் தோளில் ஒரு பல்லி விழுந்தது. அது தானாக இறங்கிப் போகும்வரை பதினோரு நிமிடம் சபை எழுந்து நின்றது.

அதற்கடுத்து, 'ஓய்வு நாளில் உனக்கென்று ஒரு பொழுது உண்டு' என்பதில் வேளை வேலையாயிற்று. ஓய்வு நாளில் தனக்கென்று வேலை இல்லாதவர்களுக்காகத் தலைவர் தன் வீட்டுச் சுற்றுச்சுவரைத் திறந்துவிட்டார். உறுப்பினர்கள் முறைவைத்து அதற்கு வண்ணம் அடித்தார்கள். டைப்பிஸ்ட்டும் இரண்டு முறை அடித்தாள். தன் கைவினை தன் முதுகிலேயே விடிந்ததென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சான்றிதழும் போகும், வேலையும் போகும்.

அப்புறம்தான் அது வந்தது.

'கணவனை இழந்தவள் வாசலுக்கு வந்தால் ஒளி காட்டுங்கள்.' இதுதான் அச்சுப்பிரதியில் இருந்த வரி. யாரோ 'ஒளி' என்ற சொல்லைக் கேட்டார்கள். சொடுக்கர் சொடுக்கினான். மஞ்சள் பெட்டியில் 'விலக்கு' என்று வந்தது.

டைப்பிஸ்ட் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். தங்கையின் கணவர் லாரி ஓட்டுநர். எட்டு மாதம் முன்பு மலைச்சரிவில் வண்டியோடு போய்விட்டார். அதன்பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வருவது இந்தச் சபையின் பாடகர் குழுவில் பாடுவதற்கு மட்டும்தான்.

"ஒளி என்று மூடி மறைத்தார்கள்!" என்றார் தலைவர். "மூலம் சொல்வது விலக்கு! வாசலிலேயே விலக்கு! என் மனம் வலிக்கிறது. நான் மென்மையானவன். ஆனால் மென்பொருள் சொல்லும்போது நான் யார் மறுக்க?"

அடுத்த வாரம் வாசலில் ஒரு மேசை போட்டு, பெண்களுக்கு மட்டும் படிவம் கொடுத்தார்கள். 'கணவர் இருக்கிறாரா? ஆம், இல்லை, விவரம் தெரியவில்லை.' 'ஆம்' என்று எழுதினால் சான்று காட்ட வேண்டும். ஒரு பெண் பக்கத்தில் நின்றிருந்த கணவரையே காட்டினாள். அவர் அவளுடைய கணவர்தான் என்பதற்கு என்ன சான்று என்றார்கள். 'இல்லை' என்று எழுதியவர்களை சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். அவர்களுக்காக ஒரு ஒலிபெருக்கியும் கட்டினார்கள். தலைவர் மென்மையானவர் அல்லவா?

தங்கை பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே பாட்டு தொடங்கியதும் அவளும் தன் பாகத்தை வெளியிலிருந்தே பாடினாள். பாதிப் பாட்டில் சொடுக்கர் வெளியே வந்தான்.

"கொஞ்சம் நிறுத்துங்க. வெளியில கேக்குற குரல் உள்ள பாடுறவங்களுக்குத் தொந்தரவா இருக்காம்."

தங்கை நிறுத்திவிட்டாள். அக்காவோடு வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"ஏன்க்கா, அந்த நூல்ல நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்கா?"

டைப்பிஸ்ட் தன் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாள். "பார்த்துச் சொல்றேன்டி" என்றாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் மென்பொருள் அறையின் அலமாரியைத் திறந்து அந்த அட்டையைத் தேடி எடுத்தாள். பண்டிதரின் சாய்ந்த எழுத்தில் 'விளக்கு' என்று தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி: 'தனியே வருபவள். இருட்டில் தடுக்கி விழக்கூடாது.' அதை இடமில்லையென்று மென்பொருளில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்த ஆறு வாரத்து அட்டைகளையெல்லாம் திரையோடு ஒத்துப் பார்த்தாள். முப்பத்தொரு பிழைகள். எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அப்புறம் வேலை போனால் போகட்டும் என்று அட்டையை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள்.

தலைவர் அட்டையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"பண்டிதர் எழுத்துப்பிழை விட்டிருக்கார், பாவம். வயசாயிடுச்சு."

"இல்லீங்கய்யா. தப்பு என்னோடது. ஷிப்ட் கட்டை வேலை செய்யல. ள அடிச்சா ல விழுந்துது."

"அதுதாம்மா அற்புதம்! அவர் விட்ட பிழையை ஒரு பழுதான கட்டை திருத்தியிருக்கு பார். உன் கை வெறும் கைதான். அதுக்குப் பின்னாடி வேற ஒண்ணு இருந்திருக்கு."

"ஐயா, என் தங்கச்சி வெளியில உட்கார்ந்திருக்கா."

"எனக்கும் வருத்தம்தான். ஆனா மூலம் மூலம்தானே? திருத்தணும்னா வழி இருக்கு. சொல் திருத்த விண்ணப்பம் போடு. மூலமொழி தெரிஞ்ச ஒருத்தர் கையெழுத்து வேணும்."

"தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தானே. அவர் செத்துட்டாரே."

"அப்போ காத்திருக்கணும்" என்றார் தலைவர், பொறுமையாக.

"இந்த அட்டையைப் பார்த்தாலே போதுமே ஐயா. விளக்குன்னு..."

தலைவரின் குரல் மாறியது. "இங்க பாரும்மா. நீ டைப்பிஸ்ட். மூலமொழியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? அடிச்சுக் கொடுத்ததோட உன் வேலை முடிஞ்சுது. தெரியாத விஷயத்துல வாய் வெச்சா நல்லாயிருக்காது."

அன்று மாலைக்குள் ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய அட்டைகள் மூலவேரோடு பல இடங்களில் முரண்படுவதால், உறுப்பினர்களின் மனக்குழப்பத்தைத் தவிர்க்க, அவை உடனடியாக அழிக்கப்பட வேண்டும். கீழே தலைவரின் கையெழுத்து. முப்பது வருடத்து எழுத்தை அரைக்கிற இயந்திரம் ஒன்றேகால் மணி நேரத்தில் தின்று முடித்தது. அட்டைகளை ஒவ்வொரு கட்டாக அதன் வாயில் கொடுக்கும் வேலையை டைப்பிஸ்ட்டுக்கே ஒப்படைத்தார்கள். விளக்கையும் அவள்தான் கொடுத்தாள்.

கட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்தவளுக்குள் பயம் என்று ஏதோ ஒன்று இத்தனை நாள் இருந்ததே, அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குப் போனதும் தன் தாளை எடுத்து விரித்து முப்பத்தொன்றையும் நிதானமாகப் படித்தாள். இருபத்தாறாவதில் விரல் நின்றது.

மறுநாளே சொல் அமர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். 'கேட்கும் சொல்: மனமிளகு. கேட்கும் காரணம்: பக்தி.' சொடுக்கர் முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் மண்டபம் நிரம்பியிருந்தது. டைப்பிஸ்ட் எழுந்தாள்.

"ஐயா, 'மேடையில் இருப்பவன் எளியவள் கண்ணீரைக் கண்டால் மனமிளகுவானாக.' இதுல மனமிளகுன்னா மூலத்துல என்னங்க?"

தலைவருக்கு முகம் மலர்ந்தது. டைப்பிஸ்ட் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தார். "மிக நல்ல கேள்வி! இன்று மனமிளகுவதைப் பற்றி மூலம் என்ன சொல்கிறதோ, அதன்படி எழுத்துக்கு எழுத்து நடப்பேன் என்று உங்கள் முன் சொல்கிறேன். சொடுக்கு!"

சொடுக்கர் சொடுக்கினான். பத்தடித் திரையில் மஞ்சள் பெட்டி திறந்தது.

'இறங்கு.'

பண்டிதர் இரங்கு என்றுதான் எழுதியிருந்தார். அன்றைக்கு ஷிப்ட் கட்டை விடவில்லை. அது டைப்பிஸ்ட் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தலைவர் திரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"இறங்கு! எவ்வளவு ஆழமான சொல். மனத்தால் இறங்குவது. தாழ்மை..."

"மனத்தாலயா காலாலயான்னு பார்த்துடலாம்யா" என்றார் முன்வரிசையிலிருந்த துணைத்தலைவர். இருபது வருடமாகத் துணையாகவே இருப்பவர். "இன்னொரு தடவை சொடுக்குப்பா. எடுத்துக்காட்டு வரும்ல?"

எடுத்துக்காட்டுகளைச் சாதாரண அகராதியிலிருந்து மொத்தமாக ஏற்றியவன் சொடுக்கர். சொடுக்கினான். 'இறங்கு: மேலிருந்து கீழே வா. படியில் இறங்கு. பேருந்தை விட்டு இறங்கு.'

யாரோ செருமினார்கள். ஓய்வு நாளில் ஆறு முறை சுவருக்கு வண்ணம் அடித்த ஒரு கொத்தனார் எழுந்து நின்றார். "எழுத்துக்கு எழுத்து நடப்பேன்னீங்களேய்யா" என்றார் மரியாதையாக.

தலைவர் கையைத் தூக்கினார். "கொஞ்சம் பொறுங்க. இதுல ஏதோ... இது ஒரு எழுத்துப்பிழையா இருக்கலாம். இரங்குன்னு இருக்கணும்." கடைசியில் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. "டைப்பிஸ்டம்மா, நீயே சொல்லு. அன்னைக்குக் கட்டை பழுதுன்னு சொன்னியே. இது பிழைதானே?"

எல்லோரும் திரும்பினார்கள். டைப்பிஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என் கையில பிழையே இல்லைன்னு தங்க எழுத்துல எழுதிக் கொடுத்தது நீங்கதானேய்யா. இப்போ பிழை இருக்குன்னு நீங்க சொன்னா, இருக்குன்னு ஒத்துக்கிறேன். ஆனா இது ஒண்ணுதான் பிழைன்னு எப்படிச் சொல்றது? அரம் பிழையா இருக்கலாம். ஓய்வு நாள் வேலை பிழையா இருக்கலாம். வாசல்ல விலக்கு? அதுவும் பிழையா இருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாத்தையும் இப்பவே திருத்திடலாம்."

வாசலுக்கு வெளியே பெஞ்சில் இருந்த பெண்களுக்கு ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தைதான். தலைவர் வாயைத் திறந்தார். சட்டைப்பைகளில் குத்திக்கொண்டு நின்ற அரங்களைப் பார்த்தார். சுவரடித்தவர்களின் முகத்தைப் பார்த்தார். இத்தனையும் பிழை என்று சொல்லிவிட்டு இந்த மேடையில் நிற்க முடியுமா? வாயை மூடிக்கொண்டார்.

"அப்போ பிழை இல்லை" என்றார் துணைத்தலைவர், மிகுந்த துக்கத்தோடு. "என் மனசு வலிக்குது. ஆனா மென்பொருள் சொல்லும்போது நான் யாருய்யா மறுக்க?"

மேடைக்கு ஐந்து படிகள். தலைவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினார். மூன்றாவது படியில் யாராவது தடுப்பார்களா என்று நின்று பார்த்தார். சொடுக்கர் மட்டும் எழுந்து வந்து, "பார்த்து, கடைசிப் படி கொஞ்சம் உயரம்" என்றான்.

துணைத்தலைவர்தான் இப்போது புதுத் தலைவர். அவர் மறுநாளே டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அந்த வாசல் சமாச்சாரம்மா. என் மாமியாரும் பெஞ்சுலதான் இருக்காங்க. ஒரு வாரமா வீட்டுல என் முகத்தை யாரும் நேரா பார்க்கிறதில்லை. அது பிழைன்னா திருத்திடலாமே?"

"மூலமொழி தெரிஞ்சவர் கையெழுத்து வேணுமாம்யா."

"எனக்குத் தெரியும்" என்றார் புதுத் தலைவர். நேற்றுவரை தெரியாது. பதவியோடு வந்திருக்கும் போல. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் கேட்டார். "வேற ஏதாவது பிழை இருக்கா? அந்த... இன்னொரு சொல்?"

"எந்தச் சொல் ஐயா?"

"ஒண்ணுமில்லை" என்றார் அவர். இறங்கு இறங்காகவே இருக்கட்டும் என்பது இருவருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது. அரமும் பல்லியும் வேலையும் இருந்த இடத்திலேயே இருந்தன. உறுப்பினர்கள் இப்போது வேறொரு சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடித்தார்கள்.

அந்த வாரம் பெஞ்சை எடுத்துவிட்டார்கள். தங்கை பாடகர் குழுவில் பழைய இடத்தில் போய் நின்றாள். முதல் பாட்டில் அவள் குரல் நடுங்கியது, இரண்டாவதில் தெளிந்தது. மூன்றாவதில், பக்கத்தில் பாடுகிறவர்களை அமுக்கிவிட்டு, கூரை அதிர வேண்டுமென்றே ஓங்கிப் பாடினாள். டைப்பிஸ்ட்டுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் நெஞ்சில் ஒரு கணக்கு இன்னும் முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, விடுமுறை நாள் மதியம், அக்காவும் தங்கையும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. பழைய தலைவர். சட்டை கசங்கியிருந்தது. குடை இல்லாமல் வெயிலில் நடந்து வந்திருக்கிறார்.

"உள்ள வரலாமா?"

"சாப்பிட்டுட்டு இருக்கோம்யா. இங்கயே சொல்லுங்க" என்றாள் டைப்பிஸ்ட், கதவைப் பாதி மட்டும் திறந்து.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "அது இரங்குதான். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஒரு வரி எழுதிக் கொடும்மா. பண்டிதரோட அட்டையில இரங்குன்னு இருந்துது, நான் பார்த்தேன்னு. அது போதும். நான் சபைக்குப் போகவே முடியல. நான் போனா எல்லாரும் படியைப் பார்க்கிறாங்க."

"அட்டையையெல்லாம் அரைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்களேய்யா."

"தப்புத்தான். ஒத்துக்கிறேன். ஆனா நீ பார்த்தியே. நீ ஒருத்தி பார்த்திருக்கே. உன் வார்த்தை போதும்."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜம்தான். டைப்பிஸ்ட் அதையும் பார்த்தாள். உள்ளே தங்கை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேனா கைக்கெட்டும் தூரத்தில், ஜன்னல் கட்டையில்தான் இருந்தது. எழுத ஒரு நிமிடம் ஆகாது.

"எனக்கு எப்படிங்கய்யா தெரியும்?" என்றாள் அவள். "நான் டைப்பிஸ்ட்."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள். வந்து உட்கார்ந்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். வெளியே அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. அது தெருமுனை தாண்டும்வரை கேட்டுவிட்டு, அவள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள்.